ஒயர் கட்: மெஷின் காட்டுவது இரண்டு மைக்ரான், டையில் வருவது இருபது. ஏன்?

இந்த முறை ஒயர் கட் பற்றிய கேள்விகள் மட்டும். மெல்லிய கம்பியிலிருந்து மின்பொறி பாய்ச்சி உலோகத்தை அறுக்கும் மெஷின் அது. டை என்பது தகட்டை வெட்டும் அச்சின் துளையுள்ள பாகம், அந்தத் துளைக்குள் இறங்கி வெட்டுவது பஞ்ச். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். கீழே வரும் எண்களை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கே: உலோகக் கட்டை ஒன்றின் துளைக்குள் இன்னொரு துண்டை அழுத்துகிறார்கள். இறங்கி முடிந்ததும் இணைப்புக் கோடே தெரிவதில்லை. ஒரே கட்டையை ஒயர் கட்டில் அறுத்து, விழுந்த துண்டைத் திரும்பப் போட்டால் இப்படிப் பொருந்துமா?

ப: பொருந்தாது. 0.25 மி.மீ. கம்பியால் அறுத்தால், கம்பியின் தடிமனும் இரு பக்கமும் பொறி தின்ற இடைவெளியும் சேர்ந்து ஏறக்குறைய 0.3 மி.மீ. உலோகம் போய்விடும். அந்தத் துண்டைத் திரும்பப் போட்டால் கடகடவென்று ஆடும்.

நீங்கள் பார்த்தது இரண்டு தனித்தனிக் கட்டைகள். ஒன்றில் துளை, இன்னொன்றிலிருந்து அதே வடிவில் துண்டு. இரண்டுக்கும் வடிவக் கோடு ஒன்றுதான். துளை வெட்டும்போது கம்பி கோட்டுக்கு உள்பக்கமும், துண்டு வெட்டும்போது வெளிப்பக்கமும் ஓடும். பக்கத்துக்குச் சில மைக்ரான் மட்டும் இடைவெளி விட்டுப் பொருத்திய பிறகு, பொருத்தியபடியே மேல்முகத்தை சர்ஃபேஸ் கிரைண்டரில் ஓட்டுகிறார்கள். கோடு மறைவதில் பாதி வேலை இந்த கிரைண்டிங்குடையது. அதன் நுண்கோடுகள் இரண்டு துண்டின் மேலும் ஒரே திசையில் தொடர்வதால் கண் அதை ஒரே பரப்பாகப் படிக்கிறது. துண்டு சதுரமாக இருந்தால் எடுத்து 90 டிகிரி திருப்பிப் போட்டுப் பாருங்கள், கோடு உடனே தெரியும்.

கே: கம்பி உலோகத்தைத் தொடாமலே அறுக்கிறது என்கிறார்கள். தொடாமல் எப்படி அறுக்கும்? அதனால் துல்லியம் எப்படி வருகிறது?

ப: கம்பிக்கும் ஜாபுக்கும் (வெட்டப்படும் உலோகத்துக்கும்) நடுவே சில மைக்ரான் முதல் 30 மைக்ரான் வரை இடைவெளி. அதில் அயனி நீக்கிய தண்ணீர். மின்னழுத்தம் ஏறும்போது தண்ணீரின் தடுப்பு ஓர் இடத்தில் உடைந்து பொறி பாய்கிறது. அது நீடிப்பது ஒரு மைக்ரோ விநாடி அளவுக்குத்தான். அந்த ஒரு புள்ளியில் மட்டும் வெப்பம் 8,000 டிகிரி செல்சியஸைத் தாண்டி, உலோகம் உருகி ஆவியாகி ஒரு நுண்குழி விழுகிறது. பொறி நின்றதும் தண்ணீர் துகளை அள்ளிப் போகிறது. விநாடிக்குப் பல்லாயிரம் முறை இது நடக்கிறது. வெட்டு என்று நாம் பார்ப்பது இந்தக் குழிகளின் வரிசையை.

வெட்டும் கருவி ஜாபைத் தள்ளுவதில்லை. மில்லிங்கில் கட்டர் வளையும், மெல்லிய சுவர் வளையும், கிளாம்ப் அழுத்தும். இங்கே 1 மி.மீ. சுவரையும் வளைக்காமல் வெட்டலாம். கடினத்தன்மையும் பொருட்டில்லை. ராக்வெல் கடினத்தன்மை அளவில் 60 வரை ஹார்டனிங் செய்த (சூடாக்கி வேகமாகக் குளிர்வித்துக் கடினமாக்கிய) எஃகு, ஹார்டனிங் செய்யாத எஃகு இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வெட்டுப்படும். ஆகவே ஹார்டனிங்கை முதலில் முடித்து, அதன் கோணல் எல்லாம் வந்த பிறகு கடைசி அளவை வெட்டலாம். டை செய்பவர்களுக்கு ஒயர் கட் கொடுத்த மிகப் பெரிய வசதி இதுதான்.

பொறி கம்பியையும் தின்னும். பித்தளைக் கம்பியை நிமிடத்துக்கு 10 மீட்டர் அளவில் ஓட்டிக்கொண்டே இருப்பது அதனால்தான். வெட்டும் இடத்தில் எப்போதும் புதுக் கம்பி நிற்க வேண்டும். 5 கிலோ ஸ்பூலில் 0.25 கம்பி சுமார் 12 கி.மீ. இருக்கும். அதே வேகத்தில் 20 மணி நேரம் வரும். இரவு வேலைக்கு ஸ்பூல் போதுமா என்று கணக்குப் போட இந்த எண் உதவும்.

இந்தத் தத்துவத்தை 1943இல் சோவியத் ஒன்றியத்தில் வேலைக்குப் பயன்படுத்திக் காட்டியவர்கள் போரிஸ் லசரென்கோ, நடாலியா லசரென்கோ தம்பதி. மின் சுவிட்சுகளின் முனைகளைப் பொறி அரிப்பதைத் தடுக்க ஆராய்ந்தவர்கள், அந்த அரிப்பையே உலோகம் செதுக்கும் முறையாகத் திருப்பினார்கள்.

கே: மெஷினின் துல்லியம் 0.002 மி.மீ. என்று எழுதியிருக்கிறது. ஆனால் 40 மி.மீ. கனமுள்ள, டி-2 என்ற கருவி எஃகால் ஆன டை பிளேட்டில் துளைகளின் இடமும் அளவும் 0.02 மி.மீ. வரை தவறுகின்றன. மெஷினில் கோளாறா?

ப: மெஷினைச் சந்தேகிப்பதற்கு முன் கட்டையைச் சந்தேகியுங்கள். ஹார்டனிங் செய்த எஃகுக்குள் இழுவிசையும் அழுத்தமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நடுவில் ஒரு பெரிய துளை வெட்டினால் அந்தப் பிடி விடுபடுகிறது, பிளேட் தானே அசைகிறது. கம்பி போக வேண்டிய பாதையில் சரியாகப் போயிருக்கும். அதற்குள் எஃகு நகர்ந்துவிட்டது.

சரிசெய்வது ஹீட் டிரீட்மென்டில் தொடங்குகிறது. டி-2 எஃகை 200 டிகிரியில் ஒருமுறை டெம்பர் செய்து (ஹார்டனிங்குக்குப் பின் மீண்டும் சூடாக்கி இறுக்கம் தளர்த்தி) அனுப்பினால் உள்ளிறுக்கம் நிறைய மிச்சமிருக்கும். ஒயர் கட்டுக்குப் போகும் பிளேட் என்று சொல்லி, 500 முதல் 520 டிகிரியில் குறைந்தது இரண்டு முறை டெம்பர் கேளுங்கள். ஹார்டனிங்குக்கு முன்பே, பெரிய துளைகளின் நடுவில் உள்ள உலோகத்தை டிரில்லிங்கிலோ மில்லிங்கிலோ எடுத்துவிடுங்கள். வெளியே வர வேண்டிய இறுக்கம் அப்போதே குறையும்.

பிறகு வெட்டும் வரிசை. ஒரு துளையை ரஃப் (முதல் முரட்டு வெட்டு), ஃபினிஷ் (கடைசி அளவு வெட்டு) இரண்டும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் நிறையப் பேர் செய்யும் தவறு. எல்லாத் துளைகளையும் முதலில் ரஃப் வெட்டுங்கள். பிளேட் அசைய வேண்டியதெல்லாம் அசைந்து முடியட்டும். அதன் பிறகே ஸ்கிம் கட், அதாவது மிச்ச உலோகத்தை மெல்லியதாக உரிக்கும் வெட்டு. மிகவும் முக்கியமான பிளேட்டாக இருந்தால், ரஃப் கட்டில் பக்கத்துக்கு 0.2 மி.மீ. அதிகம் விட்டு, கிளாம்பைக் கழற்றி, இரு முகத்தையும் மீண்டும் கிரைண்ட் செய்து, டயல் வைத்துப் புதிதாக நேர்ப்படுத்திய பிறகு கடைசி அளவை வெட்டுங்கள். ஒரு நாள் கூடும். வீணாகும் ஒரு டை பிளேட்டின் விலையோடு பார்த்தால் அந்த ஒரு நாள் லாபம்தான்.

பஞ்ச் வெட்டும்போது கட்டையின் ஓரத்திலிருந்து உள்ளே நுழையாதீர்கள். ஓரம் திறந்ததும் கட்டை வாய் பிளந்தாற்போல் விரியும், அல்லது மூடிக் கம்பியைக் கவ்வும். பஞ்சுக்கு வெளியே, கட்டைக்குள்ளேயே கம்பியை நுழைக்க ஒரு ஸ்டார்ட் ஹோல் போட்டு அங்கிருந்து தொடங்கினால் சுற்றியுள்ள சட்டம் உடையாமல் பிடித்துக்கொள்ளும்.

அளவு பிசகுவது வேறு கதை. அது ஆஃப்செட், அதாவது வடிவக் கோட்டிலிருந்து கம்பியின் மையம் தள்ளி ஓடும் தூரம். கம்பியின் ஆரம், பொறி இடைவெளி, அடுத்த கட்டுக்கு விடும் உலோகம் மூன்றும் சேர்ந்ததே ஆஃப்செட். 0.25 கம்பிக்கு நான்கு கட் என்றால் உதாரணமாக 0.200, 0.146, 0.136, 0.132 மி.மீ. என்று போகும். முதல் எண்ணில் 0.125 கம்பியின் ஆரம், 0.030 பொறி இடைவெளி, மீதி 0.045 ஸ்கிம்முக்கு விட்டது. கடைசி எண்ணில் பொறி இடைவெளி 7 மைக்ரான்தான், விட்ட உலோகம் ஏதுமில்லை. உங்கள் மெஷினின் அட்டவணை எண்கள் வேறாக இருக்கும், கணக்கு இதுதான்.

வேலை தொடங்குமுன் அதே எஃகு, அதே கனத்தில் 10 மி.மீ. சதுரம் ஒன்றை நான்கு கட்டிலும் வெட்டி மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். 10.004 வந்தால் பக்கத்துக்கு 2 மைக்ரான் உலோகம் மிச்சம். நான்கு ஆஃப்செட்டிலும் 0.002 குறையுங்கள். பஞ்ச் பெரிதானாலும் டை துளை சிறிதானாலும் பொருள் ஒன்றே, உலோகம் மிச்சம் இருக்கிறது. இரண்டுக்கும் ஆஃப்செட்டைக் குறைக்கத்தான் வேண்டும். இங்கே திசை குழம்பிப் பிழையை இரட்டிப்பாக்குபவர்கள் அதிகம்.

கே: ஸ்கிம் கட் ஏன் இத்தனை? ஒரே கட்டில் மெதுவாக வெட்டினால் போதாதா?

ப: போதாது. முழுக் கட்டையை அறுக்கும்போது கம்பி மூன்று பக்கமும் உலோகம் சூழ்ந்த பள்ளத்துக்குள் இருக்கிறது. பொறியும் தண்ணீரும் அதைப் பின்னுக்குத் தள்ள, கம்பி வில்லாக வளைகிறது. கம்பியைப் பிடித்து வழிநடத்தும் மேல் கைடும் கீழ்க் கைடும் மூலைக்கு வந்துவிடும், நடுக் கம்பி பின்தங்கியிருக்கும். மூலை மழுங்குவது இதனால்தான். ஸ்கிம் கட்டில் ஒரு பக்கம் மட்டும் சில மைக்ரான் உரிப்பதால் கம்பி நேராக நிற்கும், பொறியும் சிறிது.

ரஃப் கட்டில் 3 மைக்ரான் ஆர்.ஏ. (சராசரி மேடுபள்ளம்) அளவில் இருக்கும் சொரசொரப்பு மூன்று ஸ்கிம்முக்குப் பின் 0.5 அளவுக்கு இறங்கும். இன்னொரு காரணமும் உண்டு. ரஃப் கட் முகத்தின் மேல், உருகி அங்கேயே உறைந்த வெள்ளைப் படலம் ஒன்று 10 முதல் 20 மைக்ரான் வரை ஒட்டியிருக்கும். உடையக்கூடியது, நுண்வெடிப்புகள் கொண்டது. அதை அப்படியே விட்டால் பஞ்சின் முனை சீக்கிரம் பொரிந்துபோகும்.

கே: கம்பி அடிக்கடி அறுந்துவிடுகிறது. டென்ஷனைக் குறைத்தும் பயனில்லை.

ப: அறுந்த முனையை லென்ஸில் பாருங்கள், காரணம் அங்கேயே இருக்கும். முனை ஊசிபோல் இழுபட்டு மெலிந்திருந்தால் இழுவிசை அதிகம். குண்டாக உருகிக் கருகியிருந்தால் பொறி ஓரிடத்திலேயே நின்று எரித்திருக்கிறது, ஃபிளஷிங் (துகளை அள்ளிப் போகும் தண்ணீர்ப் பாய்ச்சல்) போதவில்லை. அறுபடுவது எப்போதும் மேல் கைடு அருகே என்றால், மின்சாரம் கொடுக்கும் கார்பைடு (மிகக் கடினமான உலோகக் கலவை) கான்டாக்டில் கம்பி பள்ளம் போட்டிருக்கும். அதைச் சற்று நகர்த்திப் புது இடத்தில் வையுங்கள்.

கடின 0.25 பித்தளைக் கம்பி புதிதாக இருக்கும்போது நாலரை கிலோ எடை வரை தாங்கும். வெட்டும்போது கொடுக்கும் இழுவிசை பொதுவாக ஒன்று முதல் ஒன்றே முக்கால் கிலோ. நல்ல இடைவெளிதான். ஆனால் பொறி குழி போடப் போட கம்பியின் தாங்கும் பரப்பு குறைகிறது. ஆகையால் டென்ஷனைத் தொடுமுன் தண்ணீரைப் பீச்சும் நாசிலைப் பாருங்கள். நாசிலுக்கும் ஜாபுக்கும் 0.05 முதல் 0.1 மி.மீ. இடைவெளி போதும். ஜாபில் படி இருந்து நாசில் 5 மி.மீ. தள்ளி நின்றால் அழுத்தம் வெட்டுக்குள் போகாது, பக்கவாட்டில் தெறிக்கும். அத்தகைய இடத்திலும், ஓரத்திலிருந்து உள்ளே நுழையும் முதல் சில மில்லிமீட்டரிலும் பவரைக் குறைத்தே ஓட்ட வேண்டும்.

கே: தண்ணீரில் என்ன இருக்கிறது? தெளிவாக இருந்தால் போதும்தானே?

ப: தெளிவு ஃபில்டரின் வேலை. மின்கடத்தும் அளவு, அயனி நீக்கும் ரெசினின் வேலை. எஃகுக்கு சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோ சீமென்ஸ் சுற்றுவட்டத்தில் வைப்பது வழக்கம், கார்பைடுக்கு இன்னும் குறைவாக. இந்த எண் ஏறினால் பொறி இடைவெளி மாறுகிறது, காலையில் சரியாக வந்த அளவு மாலையில் பிசகுகிறது. எஃகு துருப்பிடிக்கும். கார்பைடில் துகள்களைப் பிணைக்கும் கோபால்ட் கரைந்து, வெட்டு முனை பலமிழக்கும்.

வெப்பத்தையும் கவனியுங்கள். 100 மி.மீ. எஃகு ஒரு டிகிரிக்கு 1.2 மைக்ரான் நீளும். 300 மி.மீ. பிளேட்டில் மூன்று டிகிரி வித்தியாசம் என்றால் 10 மைக்ரான் போய்விட்டது. ஜாபைக் கட்டியவுடன் வெட்டத் தொடங்காமல் அரைமணி நேரம் தொட்டித் தண்ணீரிலேயே ஊறவிடுங்கள். அளப்பதும் 20 டிகிரி அறையில், ஜாப் அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு.

கே: உள்மூலை கூர்மையாக வருமா?

ப: வராது. 0.25 கம்பிக்கு மிகக் குறைந்த உள் ஆரம் சுமார் 0.13 மி.மீ., 0.1 கம்பிக்கு 0.055 அளவு. வரைபடத்தில் கூர்மூலை கேட்டிருந்தால், அதற்குள் உட்காரும் துண்டின் வெளிமூலையை அதைவிடச் சற்றுப் பெரிய ஆரமாக மழுக்குங்கள்.

கே: கண்ணாடி, பீங்கான், வைரம் வெட்டலாமா?

ப: மின்சாரம் கடத்தாததை வெட்ட முடியாது. கண்ணாடியும் சாதாரணப் பீங்கானும் முடியாது. ஆனால் கருவி முனைகளில் வரும் வைரத்தூள் கட்டியை வெட்டலாம், அதன் துகள்களுக்கு நடுவே இருக்கும் கோபால்ட் மின்சாரம் கடத்தும்.

கே: பஞ்ச் வெட்டி முடியும் கடைசி மில்லிமீட்டரில் துண்டு சாய்ந்து, முகத்தில் கோடு விழுகிறது. எப்படித் தவிர்ப்பது?

ப: சுற்றி வரும்போது 4 மி.மீ. அளவுக்கு ஒரு பாலத்தை வெட்டாமல் நிறுத்துங்கள். பஞ்ச் பெரிதானால் பாலமும் பெரிதாக வேண்டும். அதை வளைவிலோ மூலையிலோ வைக்காமல், பிறகு கிரைண்ட் செய்ய வசதியான நேர்முகத்தில் வையுங்கள். பாலம் நிற்கும்போதே மற்ற முகங்களின் ஸ்கிம் கட் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். பிறகு நிறுத்தி, பஞ்சையும் சட்டத்தையும் துடைத்து, இரண்டுக்கும் மேலாக காந்தம் வைத்துப் பிடித்து, பாலத்தைக் குறைந்த பவரில் வெட்டுங்கள். பஞ்ச் தாங்கலின்றி விழுந்தால் முகம் கெடுவதோடு கீழ் நாசிலும் உடையும், கைடும் அடிபடும். பாலம் இருந்த இடத்தில் 0.02 மி.மீ. மேடு நிற்கும்படி ஆஃப்செட் கொடுத்து வெட்டி, அதை சர்ஃபேஸ் கிரைண்டரில் மற்ற முகத்தோடு சமமாக்குங்கள்.