வாசகர் கேள்வி: பொறியியல் வகுப்பில் விசுவாசத்துக்கு என்ன இடம்?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் சிவில் பாடம் எடுக்கிறேன், கிறிஸ்தவன். ஞாயிற்றுக்கிழமை நான் விசுவாசிப்பதற்கும் திங்கட்கிழமை போர்டில் எழுதுவதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இருக்கிறது. வகுப்பை ஜெபத்தோடு தொடங்கலாமா? பாடத்தின் நடுவே வசனம் சொல்லலாமா? என் மாணவர்களில் எல்லா மதத்தினரும் இருக்கிறார்கள்.

பதில்: வசனத்தைப் பாடத்தின்மேல் ஒட்டவைக்க வேண்டாம். உத்திரம் எவ்வளவு வளையும் என்ற சூத்திரம் விசுவாசிக்கும் நாத்திகருக்கும் ஒன்றுதான். ஜெபத்தை வகுப்புக்கு முன்னால், உங்கள் அறையில், மாணவர்களின் பெயர் சொல்லிச் செய்யுங்கள். மதிப்பெண் போடுகிறவர் நீங்கள். உங்கள் முன்னால் ஆமென் சொல்கிற பிள்ளை மனதாரச் சொன்னதா, பயந்து சொன்னதா என்று உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

ஆனால் சம்பந்தமே இல்லை என்கிறீர்களே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உபாகமம் 22:8 எடுத்துப் பாருங்கள். புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, இல்லையென்றால் யாராவது விழும்போது இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்கிறது. அசல் கட்டட விதி அது! விழப்போவது யார் என்று கட்டுகிறவருக்குத் தெரியாது, ஆனாலும் அவர்தான் பொறுப்பு.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1981இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி ஹயாட் ரீஜென்சி ஹோட்டலில் நடந்ததை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். இரண்டு தொங்கு நடைபாதைகள், ஒன்றின் கீழ் ஒன்று. முதல் வடிவமைப்பில் கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பி இரண்டையும் தாங்கியது; கட்டும்போது வேலை சுலபமாகட்டும் என்று அதை இரண்டு கம்பிகளாக்கி, கீழ் நடைபாதையை மேல் நடைபாதையிலிருந்தே தொங்கவிட்டார்கள். மேல் இணைப்புக்கு வந்த சுமை இரண்டு மடங்கானது, அந்த மாற்றத்துக்கு யாரும் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. நடைபாதைகள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். எந்தச் சுமை எங்கே இறங்குகிறது என்று காட்டும் விசைப் படத்தை வரைந்து, தவறை மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பத்து நிமிடம் போதும். அப்புறம், வரைபடத்தில் கையெழுத்துப் போடுவது நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பொறுப்புணர்வு உங்களுக்கு எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால், ஒளிக்காமல் என் விசுவாசத்திலிருந்து என்று சொல்லுங்கள், அவர்களுக்கு எங்கிருந்து வருகிறது என்று நீங்களும் கேட்டு, பதிலைக் காதுகொடுத்துக் கேளுங்கள். இரண்டு பக்கமும் பேசினால்தான் அது உரையாடல்.

இன்னொன்று, ஆய்வகம். என்னைக் கேட்டால் உங்கள் விசுவாசத்துக்கு அங்கேதான் அதிக வேலை. வளைகோடு அழகாக வரவேண்டும் என்று ரீடிங்கைத் திருத்தி எழுதுவது எல்லா இடத்திலும் நடக்கிறது, ஆசிரியர்களும் கண்டும் காணாமல் விடுகிறோம். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது நீதிமொழிகள் 11:1, திருத்திய ரீடிங்கும் கள்ளத்தராசுதானே? கோணலான ரீடிங்கை அப்படியே எழுதி, ஏன் கோணலானது என்று யோசித்து நான்கு வரி சேர்த்த மாணவனுக்கு, பக்கத்தில் பார்த்து எழுதிய சுத்தமான ரெக்கார்டைவிட அதிக மதிப்பெண் கொடுங்கள். கொடுப்பேன் என்று முதல் வாரமே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.