வயிற்று வலி வாயுவா, அப்பெண்டிக்ஸா? எப்படித் தெரிந்துகொள்வது?

தாராவியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: தம்பிக்கு நேற்றிரவு முதல் வயிற்று வலி, ஓமத் தண்ணீருக்கும் அடங்கவில்லை என்று.

முதலில் வலி எங்கே தொடங்கியது என்று கேளுங்கள். அப்பெண்டிக்ஸ் என்று நாம் சொல்லும் குடல்வால் அழற்சியில் பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். பசி போய்விடும், குமட்டும், லேசாகக் காய்ச்சலடிக்கும். இருமினாலோ, ரிக்‌ஷா பள்ளத்தில் இறங்கிக் குலுங்கினாலோ அந்த இடம் சுரீர் என்னும். எல்லாருக்கும் இப்படியே வராது, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மாறும்.

இப்படி இருந்தால் பேதி மருந்து வேண்டவே வேண்டாம். அதனால் குடல்வால் வெடிக்கலாம், வெடித்தால் சீழ் வயிறெங்கும் பரவும். எதுவும் சாப்பிடக் கொடுக்காமல் பக்கத்திலுள்ள சயான் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு உடனே கூட்டிப்போங்கள். வயிற்றை அழுத்திப் பார்த்து, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எடுப்பார்கள். பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியே செய்யும் அறுவைதான். சிக்கலில்லாத சிலருக்கு ஆன்டிபயாட்டிக் மட்டும் போதும், ஆனால் திரும்ப வரலாம்.

அப்புறம், வலி திடீரென்று குறைந்தாலும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். வெடித்ததாலும் அப்படி ஆகும்.