கிரீமைக் குலுக்கினால் நுரையோடு நின்றுவிடுகிறதே, ஏன்?

கேள்வி: எனக்கு ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். வெண்ணெய் எப்படி வருகிறது என்று காட்டலாமே என, கடையில் வாங்கிய கிரீமை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஒரு பாட்டிலில் நிரப்பிக் குலுக்கினோம். அரை மணி நேரம் ஆகியும் கெட்டி நுரைக்கு மேல் ஒன்றும் வரவில்லை. இருவரும் சலித்துப்போய் எழுந்துவிட்டார்கள். எங்கே தவறு? பேசாமல் மிக்ஸியில் அடித்துவிடலாமா?

பதில்: அந்தக் கெட்டி நுரை, வெண்ணெய்க்கு முந்தைய நிலை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, பலரும் சரியாக அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள்.

கிரீமில் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருப்பதால் அவை ஒட்டிக்கொள்வதில்லை. குலுக்கும்போது முதலில் காற்று உள்ளே புகுந்து நுரைக்கிறது. உருண்டைகள் காற்றுக்குமிழிகளைச் சுற்றி அணிவகுத்து நுரையைத் தாங்கி நிற்கின்றன. தொடர்ந்து குலுக்கினால் சவ்வு கிழிந்து, கொழுப்பு ஒன்றோடொன்று ஒட்டி, நுரை உடைந்து, வெண்ணெய் தனியாக, மோர் தனியாகப் பிரிகிறது. இதற்கு உருண்டைக்குள் இருக்கும் கொழுப்பில் ஒரு பங்கு உறைந்தும் ஒரு பங்கு இளகியும் இருக்க வேண்டும். உறைந்த பகுதி சவ்வைக் குத்திக் கிழிக்கும், இளகிய பகுதி பசைபோல ஒட்டவைக்கும். அதனால்தான் சூடு இதில் இவ்வளவு முக்கியம்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் கிரீம் ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸில் இருக்கும். கொழுப்பு இறுகிக் கிடப்பதால் நுரை விறைத்துக்கொண்டு உடையாமல் நிற்கும். 12 முதல் 15 டிகிரி வரை இருந்தால் நல்லது. தெர்மாமீட்டர் தேவையில்லை, பாட்டிலைத் தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், விரல் விறைக்கக் கூடாது. அறையே வெக்கையாக இருந்தால் அதிக நேரம் வெளியே வைக்காதீர்கள். 20 டிகிரிக்கு மேல் போனால் எண்ணெய்ப் பிசுக்கான குழைவுதான் மிஞ்சும்.

இன்னொன்று, பாட்டிலை நிரப்பியது. உள்ளே மோதிச் சிதற இடமில்லை என்றால் எவ்வளவு குலுக்கியும் பயனில்லை. மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் போதும். கிரீம் பாக்கெட்டின் பின்பக்கத்தையும் பாருங்கள். கொழுப்பு 35 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். சமையலுக்கென்று விற்கும் குறைந்த கொழுப்புக் கிரீம் வேண்டாம். பிரியாமல் இருப்பதற்காகவே நிலைப்படுத்திகள் சேர்த்த வகைகளும் உங்களோடு மல்லுக்கட்டும்.

சரி, மிக்ஸி? வேலை சீக்கிரம் முடியும், ஆனால் பிள்ளைகளுக்கு நடந்தது எதுவும் தெரியாது. கையால் குலுக்குவதையே சிபாரிசு செய்வேன். ஆளுக்கொரு சிறிய பிளாஸ்டிக் பாட்டில், இறுக்கமான மூடி, ஒவ்வொன்றிலும் 100 மி.லி. கிரீம். கண்ணாடி பாட்டில் சின்னக் கைகளிலிருந்து நழுவும்.

தொடங்குமுன் அவர்களைக் காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். முதலில் சளக் சளக் என்று சத்தம் வரும். சில நிமிடங்களில் அது மந்தமாகி, அடியோடு நின்றுவிடும். பாட்டில் உள்பக்கம் முழுக்க வெள்ளையாக அப்பியிருக்கும், கையில் எதுவும் அசைவதாகவே தோன்றாது. “இப்போது சத்தம் போய்விடும், அதுதான் நல்ல அறிகுறி” என்று முன்பே சொல்லி வைத்தால் பிள்ளைகள் சோர மாட்டார்கள். இந்த நேரத்தில் நீங்களும் ஒரு கை கொடுங்கள். ஐந்து நிமிடம் போயும் மாற்றமில்லை என்றால் பாட்டிலை ஒரு நிமிடம் வெதுவெதுப்பான நீரில் பிடித்துவிட்டுக் குலுக்குங்கள். அப்புறம் திடீரென்று தொப் தொப் என்று ஏதோ கனமாக மோதும். அப்பியிருந்த வெள்ளை வழிந்து பாட்டில் சுவர் தெளியும். மஞ்சள் கட்டியைச் சுற்றி நீர்த்த மோர் அலையும். எருமைப்பால் கிரீம் என்றால் கட்டி வெள்ளையாகவே இருக்கும். எல்லாம் சேர்த்து பத்திலிருந்து இருபது நிமிடம் ஆகலாம். 200 மி.லி. கிரீமுக்குச் சுமார் 80 கிராம் கிடைக்கும்.

பிரிந்ததும் மோரை வடித்து வையுங்கள். புளிப்பில்லாமல் இருக்கும், குடிக்கலாம், மாவு பிசையவும் ஆகும். வெண்ணெயைக் குளிர்ந்த நீரில் போட்டு, கரண்டியால் அமுக்கி அமுக்கி, நீர் தெளியும்வரை மாற்றிக் கழுவுங்கள். இதில் அவசரம் வேண்டாம், உள்ளே தங்கும் மோர்தான் வெண்ணெயைச் சீக்கிரம் புளிக்கவைக்கிறது. உப்பு வேண்டுமென்றால் அந்த 80 கிராமுக்குக் கால் தேக்கரண்டிக்கும் குறைவாகப் போதும். மூடி ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

பிள்ளைகள் விரலால் தொட்டு நக்காமல் இருக்கப்போவதில்லை. ஆகவே பாஸ்டுரைஸ் செய்த கிரீம் மட்டுமே வாங்குங்கள். காய்ச்சாத பாலிலிருந்து எடுத்த கிரீமில் நோய்க்கிருமிகள் இருக்கலாம், சிறு பிள்ளைகளை அவை கடுமையாகத் தாக்கும். பாட்டிலையும் மூடியையும் கொதிநீரில் கழுவுவதென்றால், முழுக்க ஆறிய பிறகு கிரீமை ஊற்றுங்கள். கூடச் சேரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளில் யாருக்காவது பால் ஒவ்வாமை உண்டா என்பதை அவர்கள் பெற்றோரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.