அசன விருந்தில் பிளாஸ்டிக் டம்ளர்: என் பதில்

வணக்கம் சகோதரரே. ஆலயத் திருவிழாவில் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனம் முடிந்ததும் தெர்மோகோல் தட்டும் பேப்பர் கப்பும் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் எரிக்கப்படுகின்றன, பங்குத்தந்தை சொல்லியும் விழாக் குழு கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் வலித்தது. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் நம் பிள்ளைகள்தானே.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மோகோல் தட்டுக்குத் தடை. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் அதில் அடங்கும். பலருக்கு இது தெரியாது. குழுவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

எங்கள் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழுவான ஒவ்வோர் அன்பியமும் 50 எவர்சில்வர் டம்ளர் வாங்கித் தந்தது. பாத்திரக்கடையிலேயே அன்பியத்தின் பெயரை வெட்டி வாங்கினோம். அதனால் ஒன்றுகூடத் தொலையவில்லை. சாப்பாடு வாழை இலையில். எச்சில் இலை முழுவதும் உரக்குழிக்கு.

கழுவுவது யார் என்பதில்தான் சண்டை வரும். அதைப் பெண்கள் தலையில் கட்டாதீர்கள். மூன்று அண்டாக்களில் தண்ணீர் நிரப்பி, இளைஞர் குழுவை முறைவைத்து நிறுத்துங்கள்.

செப்டம்பர் 1 படைப்பின் பாதுகாப்புக்கான செப நாள். அன்றைய திருப்பலியிலேயே டம்ளர் காணிக்கையைத் தொடங்கலாம், பங்குத்தந்தையிடம் கேட்டுப் பாருங்கள்.