மூன்று ஆண்டு மிச்சமுள்ள எக்ஸ்-டிரெய்லுக்கு 62,800 வெள்ளி கொடுக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூர் செங்காங்கில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். நான், மனைவி, 9 வயது மகள், 5 வயது மகன், என் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்திருப்பதால் மருத்துவமனைக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. டாக்சிக்கே மாதம் 700 வெள்ளி ஆகிறது. மசேநி (மத்திய சேமநிதி) பிடித்தம் போக இருவர் சம்பளமும் சேர்ந்து 9,400 வெள்ளி கைக்கு வருகிறது. டாக்சி உட்பட வீட்டுச் செலவு 7,000. சேமிப்பு 35,000. உபியில் இரண்டு பழைய எஸ்யூவி பார்த்தோம். ஒன்று, 2019-ல் பதிவான நிசான் எக்ஸ்-டிரெய்ல், 2.0 லிட்டர், ஏழு இருக்கை, 98,000 கி.மீ. ஓடியது, சிஓஇ (வண்டியைச் சாலையில் ஓட்டும் பத்து ஆண்டு உரிமை) இன்னும் 3 ஆண்டு, விலை 62,800. மற்றது 2013-ல் பதிவான ஹோண்டா சிஆர்-வி 2.4. சிஓஇயைப் பத்து ஆண்டுக்குப் புதுப்பித்ததில் இன்னும் 7 ஆண்டு மிச்சம், விலை 84,000. ஆண்டுத் தேய்மானம் (டிப்ரிசியேஷன்) குறைவு என்பதால் சிஆர்-விதான் லாபம் என்கிறார் டீலர். இந்த வாரக் கடைசிக்குள் 2,000 வெள்ளி முன்பணம் கேட்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: முன்பணத்தை இந்த வாரம் கட்டாதீர்கள். மற்றதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

சிங்கப்பூரில் பழைய வண்டி வாங்கும்போது நாம் முக்கியமாக வாங்குவது, அந்த வண்டி சாலையில் ஓட மிச்சமிருக்கும் ஆண்டுகளைத்தான். அதனால் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஓர் ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் டீலரும் அதைத்தான் சொல்கிறார், ஆனால் பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

எக்ஸ்-டிரெய்லின் ஓஎம்வி, அதாவது இறக்குமதியின்போது மதிப்பிட்ட விலை, 24,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சரியான தொகையை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் தளத்தில் பார்க்கலாம். 2019-ல் இருந்த விகிதப்படி முதல் 20,000-க்கு 100 விழுக்காடு, அதற்கு மேலுள்ள 4,000-க்கு 140 விழுக்காடு என ஏஆர்எஃப் எனும் கூடுதல் பதிவு வரி 25,600 வெள்ளி வரும். பத்தாவது ஆண்டு முடிவதற்குள் வண்டியின் பதிவை ரத்து செய்தால் அதில் பாதி, அதாவது 12,800 வெள்ளி, பார்ஃப் தொகையாகத் திரும்பக் கிடைக்கும். 62,800-இல் அதைக் கழித்தால் 50,000. மூன்றால் வகுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 16,700.

சிஆர்-விக்கு இந்தக் கழித்தல் கிடையாது. சிஓஇயைப் புதுப்பித்த அன்றே பார்ஃப் போய்விட்டது. 84,000-ஐ ஏழால் வகுத்தால் ஆண்டுக்கு 12,000. டீலர் காட்டும் லாபம் இதுதான், கணக்கும் தப்பில்லை.

ஆனால் அந்த வண்டிக்கு இப்போதே 13 வயது. பத்து வயதைத் தாண்டிய வண்டிக்குச் சாலை வரியோடு கூடுதல் வரியும் உண்டு. அது ஆண்டுக்கு 10 விழுக்காடாக ஏறி 50 விழுக்காட்டில் நிற்கும். 2.4 லிட்டர் இயந்திரத்துக்கு அடிப்படைச் சாலை வரியே ஆண்டுக்கு 1,600 வெள்ளிக்கு மேல், 50 விழுக்காடு சேர்ந்தால் 2,400-ஐத் தாண்டும். எக்ஸ்-டிரெய்லுக்கு ஏறக்குறைய 1,210. கட்டாயப் பரிசோதனையும் ஒவ்வோர் ஆண்டும் வரும், பத்து வயதுக்குட்பட்ட வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதும். இவற்றையெல்லாம் சேர்த்தாலும் சிஆர்-வி கொஞ்சம் மலிவாகத்தான் தெரியும். கணக்கு கவிழ்வது வேறு இடத்தில்.

ஓஎம்வி 20,000 வெள்ளிக்கு மேல் உள்ள வண்டிக்கு விலையில் 60 விழுக்காடுதான் கடன் கிடைக்கும், அதுவும் அதிகபட்சம் 7 ஆண்டுக்கு. இது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. இரண்டு வண்டியும் இந்த வகைதான். சிஆர்-விக்கு நீங்கள் கையிலிருந்து போட வேண்டியது 33,600 வெள்ளி. உங்கள் மொத்தச் சேமிப்பே 35,000. 20 வயது வரை ஓட்டப்போகும் வண்டிக்காகக் கையிருப்பைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, அம்மாவின் மருத்துவச் செலவையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நிற்பதை என்னால் ஏற்க முடியாது. சிஆர்-வியை விட்டுவிடுங்கள். விலையை ஏற்றி எழுதிக் கூடுதல் கடன் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அது பொய்க் கணக்கு, கையெழுத்து உங்களுடையது.

இப்போது எக்ஸ்-டிரெய்ல். 60 விழுக்காடு என்றால் கடன் 37,680, கையிலிருந்து 25,120. வட்டி 2.8 விழுக்காடு என்று சொல்வார்கள். அது முழு அசலுக்கும் கடைசி மாதம் வரை போடும் வட்டி. மாதாமாதம் அசல் குறைவதை வைத்துப் பார்த்தால் உண்மையில் 5 விழுக்காட்டுக்கு மேல் வரும். மூன்று ஆண்டுக்கு வட்டி மட்டும் 3,165 வெள்ளி, தவணை மாதம் 1,135.

தவணையை மட்டும் பார்த்து "மாதம் 1,135தானே" என்று நினைப்பதுதான் பலரும் செய்வது. வண்டியின் உண்மையான மாதச் செலவைக் கூட்டிப் பார்ப்போம். தேய்மானம் (மேலே பார்த்த 16,700-இன் மாதப் பங்கு) 1,390, வட்டி 88, சாலை வரி 100. காப்புறுதியை ஆண்டுக்கு 2,000 என்று வைத்தால் மாதம் 167. இது முதல் வண்டி என்றால் உங்களுக்கு என்சிடி (இழப்பீடு கோராதவர்களுக்கான) தள்ளுபடி இருக்காது, அதனால் விலை பேசுவதற்கு முன்பே காப்புறுதிக்கு விலை கேட்டுவிடுங்கள். பெட்ரோல் 300. வீவக பேட்டையில் கூரையுள்ள இடத்துக்கு மாதச் சீட்டு 110. வெளி இடங்களில் நிறுத்துவதும் இஆர்பி சாலைக் கட்டணமும் 150. சர்வீஸ், டயர், பேட்டரிக்கு 145. மொத்தம் ஏறக்குறைய 2,450 வெள்ளி.

கைக்கு வரும் சம்பளத்தில் கால்வாசிக்கு மேல் வண்டிக்குப் போகக்கூடாது என்பது நான் எல்லாருக்கும் சொல்வது. உங்களுக்கு அது 2,350. ஆக, எல்லையில் நிற்கிறீர்கள். டாக்சி 700 நின்றுவிட்டால் கூடுதல் சுமை 1,750. இப்போது மாதம் மிஞ்சும் 2,400-இல் 650 மிச்சம். முடியாதது இல்லை, நெருக்கமானது.

உண்மையான ஆபத்து மாதக் கணக்கில் இல்லை. கையிலிருந்து போடும் 25,120, காப்புறுதி, சாலை வரி, பரிசோதனை, சில்லறைச் செலவு எல்லாம் போனால் கையில் சுமார் 7,000 நிற்கும். ஒரு மாத வீட்டுச் செலவு. அந்த நிலையில் கியர்பாக்ஸ் ஒன்று போனால் பல ஆயிரம் வெள்ளி ஒரே அடியில் காலி. மூன்று ஆண்டுதான் ஓடப்போகிறது, அதற்குப் பெரிய பழுது பார்ப்பதும் நஷ்டம், பார்க்காமல் விடுவதும் நஷ்டம். எனவே உங்கள் விஷயத்தில் கியர்பாக்ஸின் நிலைமையே பணக் கேள்வி.

இந்த எக்ஸ்-டிரெய்லில் இருப்பது சிவிடி எனும், படிப்படியான கியர் இல்லாத தானியங்கி கியர்பாக்ஸ். அதன் எண்ணெயை மாற்றிய ரசீது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். "எல்லாம் சர்வீஸ் ஆனதுதான்" என்ற வாய்வார்த்தை போதாது, தேதியும் கி.மீ. எண்ணும் உள்ள காகிதம் வேண்டும். அந்த எண்கள் வரிசையாக ஏறி 98,000-க்கு வந்து சேர்கின்றனவா என்றும் பாருங்கள். மீட்டரைத் திருப்பியிருந்தால் பெரும்பாலும் அங்கேதான் மாட்டும். ஆண்டுக்கு 14,000 கி.மீ. என்பது இங்கே சாதாரணம்தான், ஆனால் ஸ்டியரிங் தோல் வழுவழுவென்று தேய்ந்து, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் அமுங்கியிருந்தால் எண்ணை நம்பாதீர்கள். ஏழு இருக்கை வண்டிகள் பல வாடகைக்கு ஓடியவை. இது அப்படி ஓடியதா, எத்தனை கை மாறியது என்று பதிவு விவரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

ஓட்டிப் பார்க்கக் காலையில் போங்கள், நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே இயக்கி வைத்திருக்கிறார்கள், வேறு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். குளிர்ந்த இயந்திரத்தில்தான் பல குறைகள் வாய் திறக்கும். பிறகு பலமாடிக் கார் நிறுத்துமிடம் ஒன்றின் சரிவில் மெதுவாக ஏறுங்கள். நடுவில் நிறுத்தி மறுபடி கிளப்புங்கள். வண்டி உதறினாலோ, ஒரு கணம் யோசித்துவிட்டு நகர்ந்தாலோ, வேகம் ஏறாமல் இயந்திரம் மட்டும் இரைந்தாலோ, சிவிடி சோர்ந்திருக்கிறது. விரைவுச்சாலையில் 80, 90-இல் சீராகப் போகிறதே என்று ஏமாற வேண்டாம், சிக்கல் மெதுவான வேகத்தில்தான் அதிகம் தெரியும்.

பின்பக்கத் தரைவிரிப்பைத் தூக்கி உபரி டயர் இருக்கும் குழியைப் பாருங்கள். பின்னால் மோதிய வண்டி என்றால் அங்கே புதுச் சாயமோ ஒட்டுப்போட்ட தகடோ தெரியும். தண்ணீர்க் கறையும் அங்கேதான் தங்கும். முன்பக்க மட்கார்டு போல்ட்டுகளில் சாயம் பெயர்ந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. நான்கு டயரும் மாற்ற வேண்டிய வயதென்றால் அதை விலையில் கேட்டு வாங்குங்கள். நடுப்பகலில் ஏர்கானைப் போட்டு நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். மூன்றாம் வரிசைக்குப் போக இரண்டாம் வரிசையை மடக்கி, குனிந்து, ஒரு காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டும். அறுவை செய்த முழங்காலோடு அம்மாவால் முடியாது. அவர் இரண்டாம் வரிசையில்தான் உட்கார வேண்டும். 1.35 மீட்டர் உயரம் எட்டாத பிள்ளைக்குச் சிறுவர் இருக்கை கட்டாயம், உங்கள் மகளும் எட்டியிருக்க வாய்ப்பில்லை. இரண்டு பூஸ்டருக்கு நடுவே அம்மா உட்கார முடிகிறதா? முடியாவிட்டால் ஒரு பிள்ளை மூன்றாம் வரிசைக்குப் போகும், அதைத் தூக்கி நிறுத்தினால் பின்னால் பொருள் வைக்க அதிக இடம் இருக்காது. அம்மாவின் நடைச்சட்டத்தையும் தேக்கா சந்தைப் பைகளையும் எங்கே வைப்பது? இதையெல்லாம் கடை வாசலிலேயே செய்து பார்த்துவிடுங்கள். ஐந்து பேர் இரண்டு வரிசையில் வசதியாக உட்கார முடிந்தால், ஏழு இருக்கைக்குக் கூடுதல் பணம் எதற்கு என்ற கேள்வியும் வரும். 1.6 லிட்டருக்குள் ஓர் ஐந்து இருக்கை வண்டியையும் பட்டியலில் சேருங்கள், சாலை வரியே பாதிக்குச் சற்று மேல்தான் ஆகும்.

இவை எல்லாம் சரி என்றால் விக்கோம் போன்ற பரிசோதனை நிலையத்தில் வாங்குவதற்கு முந்தைய சோதனை செய்யுங்கள். காக்கி புக்கிட்டிலேயே நிலையம் இருக்கிறது, உபியிலிருந்து பக்கம். அதற்கு வண்டியைத் தர மறுக்கும் டீலரிடம் நான் யாரையும் வாங்கச் சொல்லமாட்டேன். முன்பணம் கட்டும்போது, "பரிசோதனையில் பெரிய குறை தெரிந்தாலோ கடன் கிடைக்காவிட்டாலோ முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் உள்ள டீலரா என்றும் பாருங்கள். குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பாதுகாப்புத் தர 2012 முதல் நடப்பில் இருக்கும் 'லெமன் சட்டம்' பழைய வண்டிக்கும் பொருந்தும். ஒப்படைத்து ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுத்தபோதே இருந்தது என்று கருதப்படும். ஆனால் வண்டியின் வயதையும் விலையையும் வைத்துத்தான் அது பார்க்கப்படும், ஓடித் தேய்ந்த பாகங்களுக்கெல்லாம் அதில் கேட்க முடியாது. தனி ஆளிடம் நேரடியாக வாங்கினால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

மூன்று ஆண்டு கழித்து இதன் சிஓஇயைப் புதுப்பித்து ஓட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை இப்போதைய கணக்கில் சேர்க்காதீர்கள். பெரிய இயந்திர வண்டிகளுக்கான பி பிரிவு சிஓஇ 2023 அக்டோபரில் 150,000 வெள்ளியைத் தொட்டது. 2029-ல் எங்கே நிற்கும் என்று வைத்து இன்று முடிவெடுக்கக் கூடாது.

என்னுடைய யோசனை, ஆறு மாதம் பொறுங்கள். வண்டி வந்துவிட்டது போலவே மாதம் 1,750 வெள்ளியைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள், டாக்சி வழக்கம்போல ஓடட்டும். ஆறு மாதத்தில் 10,500 சேரும். சிஓஇ பெரிதாக ஏறாவிட்டால் இதே 2019 பதிவு வண்டியின் விலை அரை ஆண்டுத் தேய்மானம் குறைந்து 54,500 பக்கம் வரும், கையிலிருந்து 21,800 போட்டால் போதும். எல்லாம் கட்டிய பிறகும் கையில் 20,000 வெள்ளிக்கு மேல் நிற்கும். கியர்பாக்ஸே போனாலும் குடும்பம் ஆடாது. இடையில் எந்த மாதமாவது 1,750 போட முடியாமல் போனால், ஏன் என்று மனைவியோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரே முறை நடந்த செலவு என்றால் தொடருங்கள். அடிக்கடி நடந்தால் எஸ்யூவியை விட்டுச் சிறிய வண்டியைத் தேடுங்கள்.

இப்போதே வேண்டும், அம்மாவால் காத்திருக்க முடியாது என்றால், மேலே சொன்ன சோதனை எல்லாம் தேறிய வண்டியை மட்டும் பாருங்கள், 60,000-க்கு மேல் போகாதீர்கள். 2,800 குறைந்தால் மாதச் செலவு ஏறக்குறைய 80 வெள்ளி இறங்கும், கால்வாசி எல்லையை ஏறக்குறைய தொட்டுவிடுவீர்கள். டீலர் அதற்கு இறங்கவில்லை என்றால் உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். உபியிலும் காக்கி புக்கிட்டிலும் எக்ஸ்-டிரெய்லுக்குப் பஞ்சமில்லை.