முகவர் சொல்லும் 300 யூரோ

கேள்வி: எனக்கு 31 வயது. ஜெர்மனியில், மியூனிக்கில் மென்பொருள் பொறியாளர். ஆண்டுச் சம்பளம் 82,000 யூரோ. பொது மருத்துவக் காப்பீட்டில் இருக்கிறேன். தனியாருக்கு மாறினால் மாதம் 300 யூரோ போதும், டாக்டரும் சீக்கிரம் பார்ப்பார் என்கிறார் ஒரு முகவர். அடுத்த மாதம் மனைவி வருகிறார். உடனே வேலைக்குப் போகமாட்டார். கோடையில் அப்பா, அம்மாவும் வருகிறார்கள். மாறலாமா?

பதில்: வேண்டாம், தம்பி.

முகவர் பொய் சொல்லவில்லை, பாதியை விழுங்கிவிட்டார். ஆண்டுச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டிய ஊழியர் தனியாருக்குப் போகலாம்; 2025இல் அந்த வரம்பு 73,800 யூரோவாக இருந்தது. ஆனால் அந்த 300 உங்கள் ஒரு தலைக்கு மட்டும். பொதுக் காப்பீட்டில் சம்பளத்தில் ஒரு குறிப்பிட்ட தொகைவரை 14.6 சதவீதமும் கொஞ்சம் கூடுதலும் பிடித்தாலும், பாதியை முதலாளி கட்டுகிறார். வருமானமில்லாத மனைவி அதே தவணைக்குள் சேர்ந்துகொள்வார். ஒரு சென்ட்கூட அதிகமாகாது. தனியாரில் அவருக்குத் தனி பாலிசி, தனித் தவணை.

நாளை குழந்தை பிறந்தால் அதற்கும் அப்படியே. பிறகு மனைவி வேலைக்குப் போய்ப் பொதுக் காப்பீட்டில் சேர்ந்தாலும், உங்கள் சம்பளம் வரம்பைத் தாண்டி, அவருடையதைவிட அதிகமாகவும் இருக்கும்வரை குழந்தையை அவர் பக்கம் இலவசமாகச் சேர்க்க முடியாது. இதை எந்த முகவரும் முதல் சந்திப்பில் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. திரும்பி வருவதும் சுலபமல்ல: சம்பளம் வரம்புக்குக் கீழே இறங்குவது போல ஏதாவது நடக்க வேண்டும். 55 வயதைத் தாண்டினால் கதவு ஏறக்குறைய அடைத்ததுதான்.

டாக்டர் சீக்கிரம் பார்ப்பார் என்பது உண்மை. தோல் டாக்டர், கண் டாக்டரிடம் பொதுக் காப்பீட்டில் இருப்பவர்கள் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதற்கு வழி இருக்கிறது. வீட்டருகே ஒரு குடும்ப மருத்துவரை இப்போதே பிடித்துவையுங்கள். காய்ச்சல் வந்த பிறகு தேடினால் "புதியவர்களை எடுப்பதில்லை" என்பார்கள். அவர் அவசரம் என்று பரிந்துரைச் சீட்டு கொடுத்தால், 116117 என்ற எண்ணில் நிபுணரிடம் நேரம் வாங்கித் தருவார்கள். இரவிலும் வார இறுதியிலும் டாக்டர் வேண்டுமென்றாலும் அதே எண்தான். உயிருக்கு ஆபத்தென்றால் 112.

ஒன்றுக்கு மட்டும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நம் ஊரில் சளி என்றாலே ஊசி போட்டால்தான் டாக்டர் நல்ல டாக்டர். நான் அங்கே இருந்தபோது 102 டிகிரி காய்ச்சலோடு போனேன். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "தேநீர் குடியுங்கள், மூன்று நாள் படுத்திருங்கள்" என்றார். ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. கோபமாக வந்தது. நான்காம் நாள் எழுந்து வேலைக்குப் போனேன்.

மருந்து எழுதினால் காகிதம் தேடாதீர்கள்: மருந்துக் கடையில் உங்கள் காப்பீட்டு அட்டையைக் கருவியில் செருகினால் சீட்டு அங்கே தெரியும். பெரும்பாலும் ஒரு மருந்துக்கு 5 முதல் 10 யூரோ கைக்காசு. மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு 10 யூரோ, ஆண்டில் அதிகபட்சம் 28 நாளுக்கு.

பெற்றோரை உங்கள் காப்பீட்டில் சேர்க்க முடியாது. விசாவுக்கு அவர்கள் எடுக்கும் பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், அது அவசரத்துக்கானது. ஏற்கெனவே உள்ள சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அதில் பெரும்பாலும் அடங்காது. பாலிசியில் அந்தப் பகுதியைத் தேடிப் படியுங்கள். அப்பாவின் மாத்திரைகளை, தங்கும் நாட்களுக்குக் கணக்குப் பார்த்து, மருத்துவர் சீட்டோடு கைப்பையிலேயே எடுத்துவரச் சொல்லுங்கள். பெட்டி வேறு விமானத்தில் போய்விடுவது உண்டு.