பேனல் தயார், லைன் எங்கே? – புதுப்பிக்கத்தக்க மின்சாரம்: கேள்வி பதில்

மின்தொடரமைப்புக் கட்டுப்பாட்டு அறையில் பல ஆண்டுகள் ஷிஃப்ட் பார்த்தவள் நான். "ஒரு நாடு எப்படி வேகமாகப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு மாறுவது?" என்று கேளுங்கள், பதில் சொல்கிறேன் என்றிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மேடம், சோலார் பேனல் விலை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. பிறகு ஏன் இன்னும் நிலக்கரியை எரித்துக்கொண்டிருக்கிறோம்? எது தடுக்கிறது?

பேனல் தடுக்கவில்லை, லைன்தான் தடுக்கிறது. ஒரு சோலார் பூங்காவை ஓரிரு ஆண்டில் கட்டிவிடலாம். அங்கிருந்து மின்சாரத்தை நகரத்துக்குக் கொண்டுவரும் உயரழுத்த லைனுக்கு நிலம், அனுமதி, வழக்கு, டவர் என்று 5 முதல் 15 ஆண்டுகள் பிடிக்கும். 2023-இல் சர்வதேச எரிசக்தி முகமை ஒரு கணக்கு சொன்னது: கிரிட்டில், அதாவது மின்தொடரமைப்பில், இணைப்புக்காக உலகெங்கும் வரிசையில் நிற்கும் புதுப்பிக்கத்தக்க திட்டங்கள் 3,000 கிகாவாட். அதில் பாதி, திட்டப்பணிகளில் வெகுதூரம் முன்னேறிவிட்டவை.

இதில் ஒரு கோழி-முட்டைச் சிக்கல் உண்டு. லைன் வந்தால் காற்றாலை போடுகிறேன் என்பார் முதலீட்டாளர். காற்றாலை வந்தால் லைன் போடுகிறேன் என்பார் லைன்காரர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2005-இல் சட்டம் போட்டு இந்த முடிச்சை அவிழ்த்தது. காற்று நன்றாக வீசும் பகுதிகளை முதலில் குறித்துக்கொண்டார்கள். காற்றாலைகள் வரும் என்று நம்பி ஏறக்குறைய 5,800 கிலோமீட்டர் லைனை 2014-க்குள் இழுத்து முடித்தார்கள். காற்றாலைகளும் வந்தன. சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்தது நேர் எதிர். காற்றாலைகள் முந்திக்கொண்டன, லைன் பின்தங்கியது. 2016-இல் அங்கே கிடைத்திருக்கக்கூடிய காற்று மின்சாரத்தில் 43 சதவீதம் வீணானது.

கேள்வி: வேகமாக மாறிய நாடு என்று ஒன்றைக் காட்டுங்கள். பணக்கார நாடாக இருக்க வேண்டாம்.

உருகுவே. சொந்தமாக எண்ணெயும் இல்லை, நிலக்கரியும் இல்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் அணைகள் வற்றும், எண்ணெய் இறக்குமதியில் கஜானா கரையும். 2008-இல் ரமோன் மெண்டஸ் என்ற இயற்பியலாளரை எரிசக்தித் துறைக்குத் தலைமையேற்க அழைத்தார்கள். 2010-இல் நாடாளுமன்றக் கட்சிகள் எல்லாம் ஒரே கொள்கையில் கையெழுத்திட்டன. என்னைக் கேட்டால் உருகுவேயின் முக்கியமான தொழில்நுட்பம் அந்தக் கையெழுத்துதான். ஆட்சி மாறினாலும் ஒப்பந்தம் மாறாது என்று முதலீட்டாளருக்குத் தெரிந்துவிட்டது. அரசு மின் நிறுவனம் ஏலம் நடத்தி, குறைந்த விலை கேட்டவரிடம் 20 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றது. பத்தே ஆண்டுக்குள், ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்த காற்று மின்சாரம் மூன்றில் ஒரு பங்குக்கு ஏறியது. இன்று ஆண்டு நல்லபடி அமைந்தால் 90 சதவீதத்துக்கும் மேல் புதுப்பிக்கத்தக்கது.

அப்படியே காப்பியடிக்க முடியுமா என்றால், முடியாது. அவர்களிடம் ஏற்கெனவே அணைகள் இருந்தன. காற்று வீசும்போது தண்ணீரை நிறுத்திவைப்பார்கள், காற்று நின்றால் திறந்துவிடுவார்கள். அந்த அணைதான் அவர்களுக்கு பேட்டரி.

கேள்வி: ஏலம் நல்லதா, அரசே விலையை நிர்ணயிப்பது நல்லதா?

குழந்தைப் பருவத்துக்கு நிலையான விலை, வளர்ந்தபின் ஏலம். ஜெர்மனி 2000-இல் சட்டம் இயற்றி, கிரிட்டுக்கு வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 20 ஆண்டு விலை உறுதி கொடுத்தது. அதனால் பிறந்த சந்தையும் பின்னால் வந்த சீனத் தொழிற்சாலைகளும் சேர்ந்துதான் பேனலை இவ்வளவு மலிவாக்கின. அதற்கான கூடுதல் கட்டணத்தை ஜெர்மானியக் குடும்பங்கள் 2022 வரை மின்கட்டண பில்லில் கட்டின.

எதுவானாலும் சொன்ன சொல் மாறக்கூடாது. அனல் நிலையத்துக்கு எரிபொருள் செலவு ஆயுள் முழுக்கப் பரவியிருக்கும். காற்றாலைக்கும் சோலாருக்கும் ஏறக்குறைய மொத்தச் செலவும் முதல் நாளிலேயே, அதுவும் பெரும்பாலும் கடனில். ஆகவே வட்டி ஏறினால் மின்சார விலையும் ஏறும். அரசின் வாக்கு ஆட்டம் கண்டால் வங்கி வட்டியை ஏற்றிவிடும். ஸ்பெயின், கொடுத்த விலையைப் பின்னாளில் வெட்டியது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் துரத்தின. தென்னாப்பிரிக்கா 2011-இல் அருமையாக ஏலத்தைத் தொடங்கியது. பிறகு அரசு மின் நிறுவனம் ஒப்பந்தங்களில் கையெழுத்திட மறுத்து, 2018 வரை திட்டங்கள் அந்தரத்தில் தொங்கின. அதன்பின் அந்த நாடு எத்தனை மணி நேர மின்வெட்டைப் பார்த்தது என்பது ஊரறிந்த கதை.

கேள்வி: ஒரு பேனலைத் தயாரிக்கச் செலவாகும் ஆற்றலை அது திருப்பித் தருமா?

தரும். வெயிலைப் பொறுத்து ஓரிரண்டு ஆண்டில். அதன் ஆயுள் 25 ஆண்டுக்கு மேல். இந்தக் கேள்விக்கு இத்தோடு ஓய்வு கொடுப்போம்.

கேள்வி: காற்றாலை, சோலார் அதிகமானால் கிரிட் படுத்துவிடும் என்கிறார்கள். தெற்கு ஆஸ்திரேலியா உதாரணம் சொல்கிறார்கள். உண்மையா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. 2016 செப்டம்பர் 28 அன்று மாநிலமே இருண்டது உண்மை. நடந்தது இதுதான். புயலில் உயரழுத்த டவர்கள் சாய்ந்தன. மின்னழுத்தம் அடுத்தடுத்துப் பலமுறை சரிந்தது. சில காற்றாலைகளின் கட்டுப்பாட்டு மென்பொருளில், இத்தனை முறைக்கு மேல் சரிந்தால் ஒதுங்கிக்கொள் என்று ஒரு செட்டிங் இருந்தது. அது கிரிட்டை நடத்துபவர்களுக்கே தெரியாது! காற்றாலைகள் ஒதுங்கின, பக்கத்து மாநிலத்திலிருந்து வரும் லைன் மேல் சுமை விழுந்தது, அதுவும் ட்ரிப் ஆனது. காற்று நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். செட்டிங்கை மாற்றினார்கள். மறுஆண்டே 100 மெகாவாட் பேட்டரி வைத்தார்கள். மின்சாரம் திடீரென்று குறைந்தால் கிரிட்டின் அதிர்வெண் சரியும்; அதை அந்த பேட்டரி கண் சிமிட்டும் நேரத்தில் தாங்கிப் பிடிக்கிறது.

நியாயமான கவலையும் ஒன்று உண்டு. அனல் நிலையத்தில் சுற்றும் கனமான ரோட்டருக்கு ஒரு நிலைமம் இருக்கும். எங்காவது ஒரு நிலையம் திடீரென்று விழுந்தால், அந்தச் சுழற்சி சில விநாடி அவகாசம் வாங்கித் தரும். பேனலில் சுழல எதுவும் இல்லை. அதனால்தான் தெற்கு ஆஸ்திரேலியா, எரிபொருளே இல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் 4 பெரிய இயந்திரங்களை நிறுவியது. வெட்டியாகச் சுற்றுவதற்கா காசு என்று தோன்றும். ஷிஃப்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கேள்வி: ராத்திரி என்ன செய்வது?

மாலை உச்ச நேரத்துக்கு பேட்டரி போதும். கலிஃபோர்னியா தினமும் அதைச் செய்துகாட்டுகிறது. நாள் முழுக்கக் காற்று மந்தமானால் நீரேற்று மின்நிலையம் (மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது), தூரத்துப் பகுதிகளோடு இணைப்பு, பம்ப்செட்டையும் கார் சார்ஜிங்கையும் பகலுக்கு நகர்த்துவது. வாரக்கணக்கில் வெயிலும் காற்றும் இல்லாமல் போனால்? அதற்கு மலிவான விடை இன்னும் இல்லை. பழைய எரிவாயு நிலையங்கள் சிலவற்றை இடிக்காமல் வைத்திருங்கள், ஆண்டில் சில நாள் ஓடட்டும். அந்தக் கடைசிப் பத்து சதவீதத்துக்காக முதல் தொண்ணூறைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: அம்மா, என் அப்பா அனல் மின்நிலையத்தில் வேலை பார்க்கிறார். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு என்ன பதில்?

நிலையத்தை மூடும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முதல் மரியாதை. நிலக்கரி மின்சாரத்தைப் பொதுமக்களுக்கு விற்கும் நிலையம் லண்டனில் 1882-இல் தொடங்கியது. அதே பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது. 2012-இல்கூட அங்கே 40 சதவீத மின்சாரம் நிலக்கரிதான். ஆனால் முடிவு வரப்போகிறது என்று 2015-லேயே அறிவித்திருந்தார்கள். ஓய்வு பெற வேண்டியவர், வேறு பயிற்சிக்குப் போக வேண்டியவர் எல்லோருக்கும் திட்டமிட நேரம் கிடைத்தது. 1980-களில் அதே பிரிட்டன் சுரங்கங்களை மூடியபோது அந்த அவகாசம் தரப்படவில்லை. அந்த ஊர்களின் காயம் இன்னும் ஆறவில்லை. இன்னொன்று, பழைய அனல் நிலையம் இருந்த இடத்தில் லைனும் துணைமின்நிலையமும் தயாராக இருக்கும். பேட்டரி வைக்க அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. அப்பாவுக்குத் தெரிந்த ஸ்விட்ச்யார்டு, அதாவது நிலையத்தை லைனோடு இணைக்கும் முற்றம், அங்கேயேதான் இருக்கும்.

கேள்வி: விவசாய நிலத்தையெல்லாம் எடுத்துக்கொள்வார்களே?

எடுப்பதைவிடக் குத்தகைக்கு வாங்குவது மேல். கர்நாடகத்தின் பாவகடா சோலார் பூங்காவில் அப்படித்தான் செய்தார்கள். நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கிறது, வாடகை வருகிறது. ஆனால் நிலமில்லாமல் அந்த வயல்களில் கூலிக்குப் போனவர்களுக்கு வாடகை ஏது? டென்மார்க் 2008-இல், புதிய காற்றாலையில் குறைந்தது 20 சதவீதப் பங்கை அக்கம்பக்கத்தாருக்கு விற்க முன்வர வேண்டும் என்று சட்டம் வைத்தது. தன் பங்கு சுழலும்போது அதன் சத்தம் அவ்வளவாகக் காதில் விழாது!

கேள்வி: நாளைக் காலை உங்களை மின்துறை அமைச்சராக்கினால் முதல் கையெழுத்து எதில்?

பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களுக்கான ஆர்டரில். இன்று ஆர்டர் போட்டால் கைக்கு வர 4 ஆண்டுகூட ஆகலாம். அவை வருவதற்குள் இரண்டு வேலை. இருக்கும் டவரிலேயே பழைய கம்பியை இறக்கிவிட்டு, கார்பன் மையம் கொண்ட புதுக் கம்பியை ஏற்றுவேன். நிலம் வாங்காமல், வழக்கு இல்லாமல் அதே பாதையில் ஏறக்குறைய இரட்டிப்பு மின்சாரம் போகும். அடுத்து, இணைப்பு வரிசையில் துண்டு போட்டு இடம்பிடித்துவிட்டு நிலமோ கடனோ இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பி வெளியே அனுப்புவேன். மாலைக்குள் என் பதவி போய்விடும் என்று நினைக்கிறேன். ஆர்டர் போனால் சரி.